போகாத ஊருக்கு வழி

ஒருவன் காரியத்துக்கு உதவாத பேச்சைப் பேசினால், "போகாத ஊருக்கு வழி சொல்கிறான்" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். சென்ற சில மாதங்களாக நான் படித்து வந்தவையெல்லாம் அப்படி வழி சொல்லுகிற புத்தகங்களே. கடலுக்கு அடியிலே அரண்மனை போன்ற கப்பலை நடத்துகிறவர், காலத்தின்மீது ஏறிச் சவாரி செய்கிறவர், பிணங்களின் உறுப்புக்களைச் சேர்த்து உயிர் கொடுக்கிறவர், ஒரு மோதிரத்தை அழிப்பதற்காக நெருப்பு மலையை நோக்கி நடக்கிறவர் - இத்தகைய மனிதர்களோடுதான் என் மாலைப் பொழுதுகள் கழிந்தன.

"என்ன சார், நீங்களோ குடும்பக் கதை எழுதுகிறவர். இந்த மாயாஜாலமெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாயக் கதையும் விஞ்ஞானக் கதையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியவை, பெரியவர்கள் ரயில் பிரயாணத்தில் புரட்டுவதற்கு உரியவை என்ற அபிப்பிராயம் நம்மிடையே பலருக்கு உண்டு. நண்பருக்கு அன்று வாயால் சொன்ன பதில் போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

கதை எழுதுவதே தொழிலாகக் கொண்டவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல கதை ஒன்றைப் படித்து முடித்ததும், 'இது எங்கே பிறந்திருக்கும்?' என்று தேடத் தோன்றும். இந்தப் புத்தகங்களை எழுதியவர்களின் வாழ்க்கையையும் அவர்கள் காலத்துச் சரித்திரத்தையும் அப்படித்தான் தேடிப் படித்தேன். ஆகாயத்திலிருந்து குதித்தவைபோல் தோன்றும் இக்கதைகள், ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு கடையில், ஏதோ ஒரு போர்க்களத்தில் பட்ட காயத்திலிருந்து பிறந்தவை என்பது அந்தத் தேடலில் தெளிவாயிற்று.

முதலில் மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்'. 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இன்றைய இந்தோனேசியாவிலுள்ள சும்பாவா தீவில் தம்போரா என்ற எரிமலை வெடித்தது. அது கக்கிய தூசி வானமெங்கும் பரவி வெயிலை மறைத்தது. மறு ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. மழையும் குளிரும் பயிரை அழித்தன. பல நாடுகளில் பஞ்சம் தலைவிரித்தாடியது. அந்த 1816 ஜூன் மாதத்தில், ஜினீவா ஏரிக்கரையிலிருந்த ஒரு மாளிகையில், வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடந்தது ஓர் இளைஞர் கூட்டம். கவி பைரன் அந்த வீட்டுக்காரர். கவி ஷெல்லியும் அவருடன் வந்திருந்த மேரியும் விருந்தினர். 'ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம்' என்றார் பைரன். இரண்டு மகாகவிகளும் அந்த முயற்சியைப் பாதியிலே விட்டுவிட்டார்கள். பதினெட்டு வயதுப் பெண்தான் முடித்துக் காட்டினாள். 1818-ஆம் ஆண்டில் அந்த நாவல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது. அச்சிட்ட பிரதிகள் ஐந்நூறு.

மழையும் பந்தயமும் எல்லாரும் சொல்லும் கதை. என் மனத்தைத் தைத்தது அதற்கு முந்திய ஆண்டின் கதை. 1815-இல் மேரிக்கு ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, இரண்டு வாரம்கூட நிறையாமல் இறந்து போயிற்று. சில நாள் கழித்து அவள் தன் குறிப்பேட்டில் ஒரு கனவைக் குறித்து வைத்தாள்: குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் கிடந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது என்று. மேரியின் சொந்தத் தாயும் அவளைப் பெற்ற சில நாளிலேயே பிரசவ ஜுரத்தில் மாண்டவள். பிறப்பும் சாவும் ஒரே படுக்கையில் படுத்திருக்கக் கண்ட பெண்ணுக்கு, செத்த உடலுக்கு உயிரூட்டும் கதையை வேறு யார் சொல்லித்தர வேண்டும்?

நாவலைப் படிக்கும்போது அதன் ஆரம்பம் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கிறது. கடிதத்துக்குள் ஒரு கதை, அந்தக் கதைக்குள் இன்னொரு கதை. விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற அந்த விஞ்ஞானியோ, எடுத்ததற்கெல்லாம் மயங்கி விழுந்து ஜுரத்தில் படுக்கிறான். ஆனால் நடுவிலே, அவன் படைத்த உருவம் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குகிறது. அந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. படைத்தவன் அதன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அருவருத்து ஓடிவிட்டான். அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அது ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டோரம் ஒளிந்திருந்து, சுவர் இடுக்கின் வழியாக அவர்களைப் பார்த்துப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறது. இரவில் அவர்களுக்கு விறகு வெட்டி வைக்கிறது. கண் தெரியாத கிழவர் ஒருவர் மட்டும் அதனிடம் மனிதனோடு பேசுவதுபோல் பேசுகிறார்; கண்ணுள்ள மற்றவர்கள் வந்ததும் அடித்து விரட்டுகிறார்கள். அதன் பிறகே அது கொலைக்குத் துணிகிறது. விஞ்ஞானி உயிரைப் படைத்தது பாவமா, படைத்ததைக் கைவிட்டு ஓடியது பாவமா? மேரியின் பதில் ஐயத்துக்கு இடமில்லாதது. பிள்ளையைப் பெற்றுவிட்டுத் திரும்பிப் பாராத தகப்பன்மார் உள்ள வரையில் அந்த நாவல் பழையதாகப் போவதில்லை.

அடுத்தவர் ஜூல்ஸ் வெர்ன். பிரெஞ்சுக்காரர்; கணக்குப் பிள்ளையின் மூளையும் சிறுபிள்ளையின் மனமும் சேர்ந்தவர். 1865-இல் அவர் எழுதிய நாவலில் சந்திரனுக்குப் போகும் மூன்று பேரைப் பிளாரிடாவிலிருந்து பீரங்கியால் சுட்டு அனுப்புகிறார். 1969-இல் மூன்று பேர் உண்மையாகவே பிளாரிடாவிலிருந்து சந்திரனுக்குப் புறப்பட்டார்கள்! பீரங்கியில் அல்ல, ராக்கெட்டில். இந்த ஒற்றுமையைப் பலரும் வியந்து பேசுவார்கள். எனக்கு அதைவிட ஆச்சரியம் தந்தவர் காப்டன் நேமோ.

'கடலடியில் இருபதாயிரம் லீக்' 1869-லும் 1870-லும் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. 'நாட்டிலஸ்' என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தலைவரான நேமோ எந்த நாட்டவர் என்று அந்த நாவல் சொல்வதில்லை. வெர்ன் முதலில் அவரை ருஷ்யர்களால் குடும்பத்தை இழந்த போலந்துப் பிரபுவாக வைத்துக்கொள்ள விரும்பினார். ருஷ்யாவில் புத்தகம் விற்க வேண்டுமே என்று பிரசுரகர்த்தர் மறுத்துவிட்டார். எழுத்தாளனுக்கும் பிரசுரகர்த்தருக்கும் உள்ள உறவு எல்லாத் தேசங்களிலும் ஒன்றுதான் போலும்! பிறகு வந்த 'மர்மத் தீவு' என்ற நாவலில்தான் இரகசியம் வெளிப்படுகிறது. நேமோ ஓர் இந்தியர், புந்தேல்கண்டின் ராஜகுமாரர், 1857-ஆம் வருஷப் புரட்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடி மனைவி மக்களை இழந்தவர். அவரைத் திப்பு சுல்தானுக்கு மருமகன் என்றும் வெர்ன் உறவு கட்டுகிறார். புந்தேல்கண்டுக்கும் மைசூருக்கும் எப்படிச் சம்பந்தம் நேர்ந்தது என்று சரித்திரப் பேராசிரியர்கள் கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. இரண்டு நாவல்களிலும் வரும் தேதிகள்கூட ஒன்றோடொன்று ஒத்துப் போகவில்லை. போகட்டும், கதாசிரியனுக்கு அந்த அளவு கடன் கொடுக்கலாம்.

நாட்டிலஸ் நம் மன்னார் வளைகுடாவுக்கும் வருகிறது. கொற்கை முத்தின் பெயர் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த அத்தியாயம் நெருக்கமானது. கடலடியில் ஓர் ஏழை முத்துக் குளிப்பவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிப்பி பொறுக்குகிறான். சுறாமீன் பாய்கிறது. உலகத்தையே வெறுத்துக் கடலுக்குள் போன நேமோ, கையில் கத்தியுடன் அந்தச் சுறாவின்மேல் பாய்கிறார். அவனைக் காப்பாற்றிய பிறகு ஒரு பை நிறைய முத்துக்களை அவன் கையில் வைத்துவிட்டுப் போகிறார். அடக்கி ஒடுக்கப்பட்ட தேசத்தைச் சேர்ந்தவன் அவன், கடைசி மூச்சு வரை தாமும் அந்தக் கட்சியே என்று பின்னால் அவர் சொல்லும்போது, பிற்காலத்தில் வெளிப்படப் போகும் இரகசியத்துக்கு அங்கேயே விதை விழுந்துவிடுகிறது. இந்தியாவின் மண்ணை மிதித்தேயிராத ஒரு பிரெஞ்சுக்காரர், 1857-இல் தோற்றவர்களுக்கு ஒரு கப்பலையும் ஒரு கடலையும் கொடுத்தார்! வெர்னின் மற்றப் பாத்திரங்கள் பெரும்பாலும் பெயர் எழுதிய பலகைகள். மீன்களின் ஜாபிதா பக்கம் பக்கமாக நீளும்போது கண்ணைச் சுழற்றுகிறது. நேமோ ஒருவர் போதும், அதையெல்லாம் மன்னிப்பதற்கு.

வெர்ன் இயந்திரங்களைக் கண்டு மகிழ்ந்தவர் என்றால், எச். ஜி. வெல்ஸ் அந்த இயந்திரங்களுக்குக் கரி அள்ளிப் போடும் மனிதனைக் கண்டவர். வெல்ஸின் தந்தை சிறு கடைக்காரர். தாய் அப்பார்க் என்ற பெரிய மாளிகையில் வேலைக்காரர்களை மேற்பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவர். அந்த மாளிகையில் வேலைக்காரர்கள் எஜமானர்களின் கண்ணில் படாமல் போய்வருவதற்குத் தரைக்கு அடியில் சுரங்க வழிகள் இருந்தன. வெல்ஸோ பிள்ளைப் பருவத்தில் ஒரு துணிக்கடையில் பயிற்சி வேலைக்கு விடப்பட்டு, காலை முதல் இரவு வரை நின்று கால் கடுத்தவர். படிப்பு ஒன்றே அவரை அங்கிருந்து மீட்டது.

1895-இல் வெளிவந்த 'கால இயந்திரம்' நாவலில் அந்தச் சுரங்க வழிகள் திரும்பி வருகின்றன. கதாநாயகன் கி.பி. 8,02,701-ஆம் வருஷத்துக்குப் போகிறான். மேலே வெயிலில் பூப்போன்ற அழகிய சிறு மனிதர்கள் விளையாடித் திரிகிறார்கள். வேலை என்பதே அவர்களுக்குத் தெரியாது. தரைக்கு அடியில் இருட்டிலே இன்னொரு கூட்டம் இயந்திரங்களை ஓட்டுகிறது. முற்காலத்து முதலாளிகளின் வம்சம் மேலே. தொழிலாளிகளின் வம்சம் கீழே. இரவு வந்தால் கீழே உள்ளவர்கள் மேலே வந்து அந்த அழகிய மனிதர்களைப் பிடித்துத் தின்கிறார்கள்! துணிக்கடைப் பையன் தன் எஜமானர்களுக்கு எழுதிய கணக்குச் சீட்டு என்றே இதை நான் படித்தேன். ஆயினும் அவர் கீழே உள்ளவர்களை நல்லவர்களாக்கி நம்மைச் சமாதானப்படுத்தவில்லை. நீண்ட அநியாயம் இரு தரப்பையுமே மனிதத்தன்மையிலிருந்து இறக்கிவிடும் என்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

1898-இல் நூலாக வந்த 'உலகங்களின் யுத்தம்' இன்னும் கூர்மையானது. செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தின்மீது படையெடுத்து லண்டனைச் சூறையாடுகிறார்கள். உலகின் பல பாகங்களை ஆண்டுகொண்டிருந்த ஆங்கிலேயர் மூட்டை முடிச்சுக்களுடன் சாலைகளில் ஓடுகிறார்கள். இந்த அநியாயத்தைக் கண்டு பொங்குவதற்கு முன், ஐரோப்பியக் குடியேறிகள் டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளை என்ன செய்தார்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் நினைவூட்டுகிறார். சாம்ராஜ்யம் உச்சியில் இருந்தபோது, அதன் பிரஜை ஒருவர் தம் நாட்டாரை ஒரு மணி நேரம் அடிமை தேசத்தார் ஸ்தானத்தில் நிறுத்திப் பார்த்தார். அதைக் குடும்பக் கதையில் செய்வது கஷ்டம். செவ்வாய்க்காரன் வந்தால்தான் முடியும். செவ்வாய்க்காரர்களைக் கடைசியில் பீரங்கி கொல்லவில்லை, கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள் கொல்கின்றன. வெல்ஸ் எடுத்துக்கொள்ளும் பொய் ஒன்றே ஒன்று. மற்றபடி தெருவும் கடையும் ரயிலடியும் தாம் சைக்கிளில் சுற்றிய ஊர்களில் உள்ளபடியே இருக்கின்றன. கதை எழுதப் பழகும் இளைஞர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை அது.

இனி நம் சென்னைக்கு வருவோம். 1905-ஆம் ஆண்டில், கமலா சத்தியநாதன் என்ற அம்மையார் சென்னையில் ஆங்கிலத்தில் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மாகஸின்' என்ற பெண்கள் பத்திரிகையில், 'சுல்தானாவின் கனவு' என்ற சிறு கதை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்தில் பிறந்த ரொகேயா ஹுசேன். கோஷா முறை கடுமையாக நிலவிய குடும்பத்தில் வளர்ந்தவர். பெண்ணுக்கு ஆங்கிலமும் வங்காளியும் எதற்கு என்று தடுத்த வீட்டில், எல்லாரும் தூங்கிய பிறகு இரவில் தம் தமையனிடம் அவற்றைக் கற்றுக்கொண்டவர். கணவர் சுற்றுப் பிரயாணம் போயிருந்த சமயத்தில், பொழுதுபோவதற்காக இதை எழுதினாராம். திரும்பி வந்த கணவர் நின்றபடியே படித்து முடித்துவிட்டு, 'பயங்கரமான பழிவாங்கல்' என்ற பொருள்படச் சொல்லிப் பாராட்டினாராம்.

என்ன பழி அது? கதாநாயகி நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணயர்ந்து, பெண்கள் நாட்டுக்குப் போகிறாள். அங்கே தெருவில் ஆண்களையே காணோம். அவர்கள் அடுப்பும் குழந்தையுமாக வீட்டுக்குள் கோஷாவில் இருக்கிறார்கள்! பெண்கள் சர்வகலாசாலை நடத்துகிறார்கள். மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள். வெயிலைச் சேர்த்து வைத்துச் சமைக்கிறார்கள். ஆகாய வண்டியில் பறக்கிறார்கள். அண்டை நாட்டு அரசனிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு ராணி அடைக்கலம் தந்ததால் யுத்தம் மூண்டது. ஆண்கள் போராடித் தோற்றார்கள். கலாசாலைத் தலைவி இரண்டாயிரம் மாணவிகளுடன் போய்ச் சூரிய வெப்பத்தை எதிரிகள்மேல் திருப்பி ஓட ஓட விரட்டினாள். அவள் புறப்படுவதற்கு முன் ஆண்களை அந்தப்புரத்துக்குள் போகச் சொன்னார்கள். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இதை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஒரு விஷயம் உறைத்தது. ஆண்களை வீட்டுக்குள் பூட்டுவது அநியாயம் என்று நமக்குத் தோன்றுகிறதல்லவா? அப்படியானால் தலைமுறை தலைமுறையாகப் பெண்களைப் பூட்டியபோது ஏன் தோன்றவில்லை? பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்தாலும் கிடைக்காத வெற்றியை, ஒரு பக்கத்துக் கண்ணாடியை மறுபக்கம் திருப்பி வைத்தே அந்த அம்மையார் பெற்றுவிட்டார்.

யெவ்கெனி ஜமியாதினின் 'நாம்' சிரிக்க வைக்கும் கதையன்று. அவர் கப்பல் கட்டும் எஞ்ஜினீயர்; புரட்சியை விரும்பி வரவேற்ற ருஷ்யர். 1920-21-இல் அவர் எழுதிய இந்த நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தாம். எல்லாரும் கண்ணாடி வீடுகளில் வசிக்கிறார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் எந்நேரமும் பார்க்கலாம். எல்லாரும் ஒரே மணியில் எழுந்து, ஒரே மணியில் உண்கிறார்கள். இத்தனை ஒழுங்குக்குப் பிறகும் ஜனங்களுக்குள் ஏதோ ஓர் அமைதியின்மை இருக்கிறது. அதற்குக் காரணம் கற்பனை என்ற நோய்தான் என்று அரசாங்கம் கண்டுபிடிக்கிறது. மூளையில் ரண சிகிச்சை செய்து அதை எடுத்துவிட ஏற்பாடு நடக்கிறது!

நாவலுக்கு நேர்ந்த கதி நாவலையே மெய்ப்பித்தது. அது முதலில் 1924-இல் அமெரிக்காவில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே வெளிவந்தது. சொந்த நாட்டில் அச்சேறவில்லை. ஆசிரியரைப் பத்திரிகைகள் தூற்றின. 1931-இல் அவர் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி, நாட்டைவிட்டுப் போக அனுமதி பெற்றார். 1937-இல் பாரிஸில் காலமானார். சோவியத் நாட்டில் 'நாம்' வெளிவந்தது 1988-இல்தான். வெறும் போகாத ஊருக்கு வழி சொல்கிற புத்தகத்துக்கு இத்தனை காவலா?

கடைசியாக டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்'. 1954-லும் 1955-லும் மூன்று பாகங்களாக வந்த இந்தப் பெருங்கதை, குள்ளர்களும் மந்திரவாதிகளும் நிறைந்த மாய உலகம். ஆக்ஸ்போர்டில் மொழியாராய்ச்சி செய்த பேராசிரியர் ஒருவர் சாவகாசமாக நெய்த கனவு என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பேராசிரியர் 1916-இல் பிரான்ஸில் சோம் நதிப் போர்க்களத்தின் பதுங்கு குழிகளில் கிடந்தவர். பள்ளி நாட்களிலிருந்து கூடிக் கவிதை பேசிய நெருங்கிய தோழர்களில் இருவரை அந்த ஒரே ஆண்டில் பறிகொடுத்தவர். கதையில் ஒரு சதுப்பு நிலம் வருகிறது. தண்ணீருக்கு அடியில் பழைய போரில் மாண்டவர்களின் முகங்கள் தெரிகின்றன. அது மந்திரவாதம் அல்ல, ஞாபகம்.

இந்த நாவலில் எனக்குக் குறைகள் தென்படாமலில்லை. பெண்கள் மிகவும் குறைவு. எதிரிப் படையினர் பிறவியிலேயே கெட்டவர்களாக இருப்பது, வெல்ஸைப் படித்த கையோடு படிக்கும்போது நெருடுகிறது. ஆனால் முடிவு மகத்தானது. உலகைக் காக்கத் தீய மோதிரத்தைச் சுமந்து சென்ற பிரோடோ, கடைசி அடியில் அதை எறிய மனம் வராமல் தனதாக்கிக்கொள்கிறான். அவன் முன்பு இரக்கப்பட்டு உயிரோடு விட்ட ஓர் அற்பப் பிராணியினாலேயே காரியம் முடிகிறது. ஊர் திரும்பிய பிறகும் பிரோடோவின் காயம் ஆறுவதில்லை; தான் காப்பாற்றிய வீட்டில் அவனால் நிம்மதியாக வாழ முடியவில்லை. யுத்தத்திலிருந்து திரும்பி வந்தவர்களை இதைவிட உண்மையாகச் சொன்ன யதார்த்த நாவல்கள் மிகச் சிலவே இருக்கும்.

நண்பருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். குழந்தையை இழந்த தாயும், கால் கடுத்த கடைப் பையனும், கோஷாவில் வளர்ந்த பெண்ணும், தோழர்களைப் புதைத்த போர்வீரரும் தங்கள் துயரத்தை நேராகச் சொல்ல முயன்றிருக்கலாம். நேராகச் சொன்னால் சிலவற்றை உலகம் கேட்பதில்லை. 'இது உனக்கு அல்ல, எங்கோ இருக்கிற வேறு ஊருக்கு' என்று சொன்னால், காது கொடுக்கிறது. ஆகையால் பையனோ பெண்ணோ இத்தகைய புத்தகத்தைக் கையில் எடுத்தால், பெற்றோர்கள் அதைப் பிடுங்கி வைக்காமல், இரவு அவர்கள் தூங்கியதும் தாங்களும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும்.

ரொகேயா அம்மையாரைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிடக் கூடாது. 1909-இல் கணவரை இழந்த அவர், கணவரின் பெயரால் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1911-இல் அது கல்கத்தாவுக்கு மாறியபோது மாணவிகள் எட்டே பேர். வீடு வீடாகப் போய், பெண்ணைப் படிக்க அனுப்பும்படி பெற்றோர்களிடம் கெஞ்சிக் கேட்டார். 1932-இல் இறக்கும் வரையில் அந்தப் பள்ளிக்காகவே உழைத்தார். கனவிலே இரண்டாயிரம் மாணவிகளைக் கண்டவர், விழித்தபின் எட்டுப் பேரைக் கொண்டு ஆரம்பித்தார். அந்தப் பள்ளிக்கூடம் கல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.